சூஃப்ளே பேன்கேக் சாப்பிட கோயமுத்தூர் போறீங்களா? ரெண்டு தடவ ஏமாந்தவ சொல்றேன், கேட்டுட்டு போங்க

எங்க பாப்பாவுக்கு எட்டாவது பொறந்தநாள் வந்துச்சு. கேக் வேண்டாம், ட்ரெஸ் வேண்டாம், போன்ல பாத்த அந்த ஆடுற பேன்கேக்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுட்டா. தட்ட லேசா தட்டுனா கொழுக்கு மொழுக்குன்னு குலுங்குமே, மூணு அடுக்கா, மேல வெண்ணெய் உருகி வழியுமே, அதேதான். திருப்பூர்ல இருந்து கோயமுத்தூர் அம்பது அம்பத்தஞ்சு கிலோமீட்டர், காலைல போய் ஒரு டிபன் சாப்பிட்டு வர்றதுல என்ன பெரிய கஷ்டம்னு நெனச்சு கெளம்புனவங்கதான் நாங்க. மொத தடவ போய் சாப்பிடாமயே திரும்பி வந்தோம். ரெண்டாவது தடவ சாப்பிட்டோம், ஆனா அது அமுங்கிப்போன ஊத்தப்பமாட்ட இருந்துச்சு. மூணாவது தடவதான் பாப்பா கேட்டத கண்ணுல பாத்தோம். மூணு தடவ பெட்ரோல் போட்ட எரிச்சல்ல எழுதறேன், நீங்களாவது ஒரே தடவைல சாப்பிட்டுட்டு வாங்க.

ஒன்னே ஒன்னு மனசுல வெச்சுக்கோங்க. இந்த பலகாரம் கல்லுல இருந்து எறங்குன அஞ்சு நிமிஷத்துக்குள்ள வாய்க்குப் போயிறணும். கீழ நான் சொல்றது எல்லாமே அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான்.

1. அது என்ன பலகாரம்னு தெரிஞ்சுட்டு போங்க

சாதா பேன்கேக்னா மாவு, பால், முட்டை எல்லாத்தையும் ஒட்டுக்கா கலக்கி கல்லுல ஊத்துனா ரெண்டு மூணு நிமிஷத்துல வெந்துரும். இது அப்படி இல்லீங்க. மஞ்சக்கருவ தனியா எடுத்து மைதா, பால் கலந்து வெச்சுக்கறாங்க, வெள்ளக்கருவுல சக்கரைய கொஞ்சங்கொஞ்சமா போட்டு மெஷின்ல நொரை கட்ட அடிக்கறாங்க, கிண்ணத்த கவுத்துப் புடிச்சாலும் கீழ விழாத அளவுக்கு. அப்பறம் ரெண்டையும் நொரை ஒடையாம பதனமா சேத்து, சூடு கம்மியா வெச்ச கல்லு மேல குவிச்சு வெச்சு, பக்கத்துல நாலு சொட்டு தண்ணி தெளிச்சு மூடி போட்டு ஆவிலயே வேக விடறாங்க. ஒரு பக்கம் வெந்து, திருப்பிப் போட்டு, மறுபக்கம் வேக எப்படியும் 15 நிமிஷத்துல இருந்து 20 நிமிஷம் ஆயிருது. நம்ம ஆப்ப மாவு புளிச்சு உப்பும், இது முழுக்க முழுக்க அந்த நொரைல இருக்கற காத்துல உப்பறது. சூடா இருக்கற வரைக்கும் காத்து விரிஞ்சு நிக்கும், ஆற ஆற சுருங்கிரும். சமையக்காரர் சரியில்லைன்னு அர்த்தம் இல்ல, அதோட கொணமே அதுதான்.

மெனு கார்டுல பேர பாத்து ஏமாறாதீங்க. 'ஜப்பானீஸ் பேன்கேக்'னு போட்டு சில எடத்துல முட்டக்கோஸ் போட்ட ஒகோனோமியாக்கி குடுப்பாங்க, அது உப்பு அடை மாதிரி வேற ஐட்டம். 'ஃப்ளஃபி பேன்கேக்'னு போட்டிருந்தா பாதிக்குப் பாதி பேக்கிங் பவுடர் கொஞ்சம் எச்சா போட்ட சாதா பேன்கேக்தான். கண்டுபிடிக்கறது சுலபம், 'எவ்வளவு நேரம் ஆகுமுங்க'ன்னு கேளுங்க. அஞ்சு நிமிஷம்னு சொன்னா அது நீங்க தேடி வந்த ஆள் இல்ல. இருவது நிமிஷம் ஆகும்னு கொஞ்சம் தயக்கமா சொன்னாங்கன்னா சந்தோஷமா உக்காருங்க.

எக்லெஸ் சூஃப்ளேன்னு போர்டு பாத்தீங்கன்னா நின்னு யோசிங்க. வெள்ளக்கரு நொரைதான் இதுக்கு உசுரே, அது இல்லாம இந்த ஆட்டம் வராது. கொண்டக்கடலை வேக வெச்ச தண்ணியையும் அடிச்சா நொரை கட்டும், அத வெச்சு செய்யறவங்களும் இருக்கறாங்க, ஆனா என்னத்த வெச்சு செய்யறாங்கன்னு கேட்டு தெரிஞ்சுட்டு ஆர்டர் பண்ணுங்க. முட்டையே ஆகாதவங்க வீட்டுக்கு இது சரிப்படாதுங்க, அவ்வளவுதான்.

2. நாள் பாக்கறது

சிரிக்காதீங்க, எங்களுக்கு மொத சிக்கலே இதுதான். எங்க அத்தை சனிக்கெழம முட்டை தொடமாட்டாங்க, கிருத்திகை, அமாவாசை தொடமாட்டாங்க, பொரட்டாசி வந்தா ஒரு மாசம் முழுசா கெடையாது. பாப்பாவுக்கு வார நாள்ல ஸ்கூல். ஆக ஞாயித்துக்கெழம மட்டும் மிச்சம், ஞாயித்துக்கெழமதான் ஊர்ல இருக்கற அத்தன பேரும் அங்க நிக்கறாங்க. நாங்க ரெண்டு தடவ ஏமாந்ததும் ஞாயித்துக்கெழமதான். மூணாவது தடவ காலாண்டு லீவுல ஒரு வியாழக்கெழமைக்கு போனோம், அத்தை மட்டும் 'பொரட்டாசில இதெல்லாம் என்ன சாமி'ன்னு முணுமுணுத்தாங்க, அவங்களுக்கு வேற டிபன் சொல்லிக்கலாம்னு சமாதானம் பண்ணி கூட்டிட்டு போனோம்.

முடிஞ்சா செவ்வா, புதன், வியாழன்ல போங்க. சில கஃபேக்கு திங்கக்கெழம லீவு, அதையும் கேட்டுக்கோங்க. இன்னொன்னு, பொரட்டாசில கூட்டம் கம்மியா இருக்கும்னு எனக்கு ஒரு கணிப்பு இருந்துச்சு, பாதி மேசை காலியா இருந்தத பாத்தா கணிப்பு தப்பலைன்னுதான் தோணுது, உங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லைன்னா அந்த மாசத்த பயன்படுத்திக்கோங்க.

3. மொத நாளே போன் போடுங்க, இந்த நாலு கேள்வி கேளுங்க

மொத தடவ நாங்க பண்ணுன தப்பு இங்கதான். மேப்ல பாத்தா கஃபே காலைல 8 மணிக்கு தொறக்கறாங்கன்னு போட்டிருந்துச்சு. நாங்க நேரமே கெளம்பி எட்டேகாலுக்கெல்லாம் போய் நின்னுட்டோம். உக்காந்து ஆர்டர் சொன்னா, 'மேடம், சூஃப்ளே ஒன்பதரைக்கு மேலதான்'னாங்க. சரின்னு ஒரு காபி குடிச்சுட்டு, ரேஸ்கோர்ஸ ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு போனோம், பாப்பா அங்க வெளையாடிட்டு வர மாட்டேன்னுட்டா, திரும்பி வந்தப்ப பத்தேகால். அதுக்குள்ள வெளிய பதினேழு பேரு பேரெழுதி வெச்சுட்டு நிக்கறாங்க. எங்க முறை வந்தது பதினொன்னே முக்காலுக்கு. 'ப்ரேக்ஃபாஸ்ட் மெனு முடிஞ்சுது மேடம், இனி லன்ச் மெனுதான்.' பாப்பா மூஞ்சிய பாக்கணுமே, எனக்கே அழுக வந்துருச்சு.

அதனால மொத நாள் சாயங்காலம் மூணுல இருந்து அஞ்சுக்குள்ள, அவங்களுக்கு வேலை கம்மியா இருக்கற நேரமா போன் போட்டு கேளுங்க. கடை எத்தன மணிக்கு தொறக்கறாங்கங்கறது வேற, சூஃப்ளே எத்தன மணில இருந்து போடறாங்கங்கறது வேற, ரெண்டாவதத்தான் கேக்கணும். அடுத்தது கடைசி ஆர்டர் எத்தன மணிக்கு. மூணாவது, ஒரு நேரத்துல எத்தன தட்டு போட முடியும், ஏன்னா கல்லு ஒன்னுதான் இருக்கும், ஒரு தட்டுக்கு மூணு உருண்ட, அதுல நாலு தட்டுக்கு மேல ஏறாது, உங்களுக்கு முன்னாடி அஞ்சு மேசைல சொல்லிட்டாங்கன்னா நீங்க அடுத்த ஈட்டுக்குத்தான். நாலாவது, மேசைய புக் பண்ணும்போதே தட்டையும் சேத்து சொல்லி வெக்க முடியுமான்னு கேளுங்க. சில எடத்துல ஒரு நாளைக்கு இத்தன தட்டுதான்னு கணக்கு உண்டு. ஜப்பான்லயே ஒசாகால ஆரம்பிச்ச கிராம்ங்கற பேன்கேக் கடைல ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு 20 தட்டுன்னு எண்ணி போட்டுட்டு இருந்தாங்கன்னா பாத்துக்கோங்க, அங்கயே அந்த கதின்னா நம்மூர்ல கேக்காம போறது நம்ம தப்புதான்.

4. கையில என்னென்ன இருக்கணும்

ஒரு டிபனுக்கு டாக்குமென்ட்டான்னு கேப்பீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

புக்கிங் மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. எத்தன மணி, எத்தன பேரு, எவ்வளவு அட்வான்ஸ்னு அதுல தெளிவா இருக்கணும். எங்ககிட்ட ரெண்டாவது தடவ 500 ரூபா அட்வான்ஸ் வாங்குனாங்க, பில்லுல கழிச்சுக்கறோம்னாங்க. நாங்க போய் சேர்ந்தப்ப பத்தொம்பது நிமிஷம் லேட்டு. 15 நிமிஷத்துக்கு மேல லேட்டானா புக்கிங் கேன்சல், அட்வான்ஸ் திரும்ப வராதுன்னு மெசேஜ்ல கடைசி வரில குட்டியா இருந்துருக்குது, நான் படிக்கல. மேசை குடுத்தாங்க, அரை மணி நேரம் காக்க வெச்சு, ஆனா 500 போனது போனதுதான். அதனால மெசேஜ கடைசி வரி முட்டும் படிங்க.

பொறந்தநாள் ஆஃபர் இருந்துச்சுன்னா வயசுக்கு ஆதாரம் வேணும். பொறந்தநாள் புள்ளைக்கு ஒரு தட்டு ஃப்ரீன்னு போட்டிருந்தாங்க, நான் பாப்பாவ முன்னாடி நிறுத்துனா பத்தும்னு நெனச்சேன், 'ஆதார் காட்டுங்க மேடம்'னாங்க. ஆதார் திருப்பூர்ல பீரோவுக்குள்ள இருக்குது. எம்ஆதார் ஆப்ல கொழந்தையோட ஆதாரையும் சேத்து வெச்சுக்கலாம், ஆனா அதுக்கு ஓடிபி வரணும், எந்த நம்பர் ஆதார்ல பதிஞ்சிருக்குதோ அந்த போன் கூட இருக்கணும், எங்களுக்கு அது வீட்டுக்காரர் நம்பர், அவரு போன்ல சார்ஜ் இல்ல. இதையெல்லாம் வீட்டுலயே முடிச்சு வெச்சுக்கோங்க. ஆஃபர் பொறந்த தேதிக்கு மட்டுமா, அந்த வாரம் பூராவுமா, ஞாயித்துக்கெழம செல்லுமான்னும் முன்னாடியே கேளுங்க.

இது போக ஃபாஸ்டேக்ல காசு இருக்குதான்னு பாருங்க. டேக் வேலை செய்யலைன்னா டோல்ல எச்சா கட்டணும். யூபிஐ எல்லா எடத்துலயும் வாங்கறாங்க, இருந்தாலும் சில்லறையா ஒரு எரநூறு ரூபா வெச்சுக்கோங்க, பார்க்கிங்ல நெட்வொர்க் இல்லாம நின்னுருக்கறேன்.

5. எத்தன மணிக்கு கெளம்பறது, எந்த வழி

திருப்பூர்க்காரங்களுக்கு ரெண்டு வழி. அவிநாசி போய் பெரிய ரோட்டுல ஏறி, கணியூர் டோல் தாண்டி, அவிநாசி ரோட்டுல உள்ள வர்றது ஒன்னு. இப்ப கோல்டுவின்ஸ்ல ஏறுனா உப்பிலிபாளையத்துல எறங்கற மாதிரி ஜி.டி. நாயுடு மேம்பாலம் வந்துருச்சு, 2025 அக்டோபர்ல தொறந்தது, பத்து கிலோமீட்டருக்கு சிக்னலே இல்ல, அதுக்கு முன்னாடி ஹோப் காலேஜ்ல நின்னு, லட்சுமி மில்ஸ்ல நின்னு வந்த கொடும இனி இல்ல. ஆனா உங்க கஃபே பீளமேட்டுப் பக்கம்னா மேல ஏறாதீங்க, ஏறுனா சொய்யின்னு தாண்டிப் போயிருவீங்க. இன்னொரு வழி பல்லடம், சூலூர் வந்து திருச்சி ரோடு புடிக்கறது, கணியூர் டோல் இல்ல, ஆனா பல்லடத்துல காலைல லாரி நிக்கும். ரெண்டாவது தடவ எங்கள லேட்டாக்குனது அந்த லாரிதான்.

ஈரோடு, பெருந்துறைக்காரங்களும் கணியூர் வழிதான், கூட விஜயமங்கலம் டோல் ஒன்னு சேத்தி. பொள்ளாச்சில இருந்து வர்றவங்க உக்கடம் மேம்பாலத்துல ஏறி வந்தா நிம்மதி. கோபிக்காரங்க சொந்தக்காரங்க வீட்டுல மொத நாள் ராத்திரியே தங்கிக்கோங்க, காலைல அத்தன தூரம் வெறும் வயித்துல வந்து இதுக்காக காத்து நிக்கறதெல்லாம் ஒடம்புக்கு ஆகாது. ரயில்லயும் வரலாம், திருப்பூர்ல ஏறுனா ஒரு மணி நேரத்துக்குள்ள ஜங்ஷன்ல எறக்கிவிட்டுரும், அங்கிருந்து ஆட்டோ.

கணக்கு இப்படி போடுங்க: சூஃப்ளே ஆரம்பிக்கற நேரம் எதுவோ அதுக்கு கால் மணி நேரம் முன்னாடி நீங்க மேசைல உக்காந்திருக்கணும். மொத ஈட்டுலயே உங்க தட்டு ஏறணும், அதுதான் குறி. ஒன்பதரைன்னா ஒம்பதேகாலுக்கு உள்ள, ஒம்பதுக்கு பார்க்கிங், ஏழரைக்கு திருப்பூர விட்டு வண்டி நகந்திருக்கணும். கூட வர்றவங்ககிட்ட ஏழு மணின்னு சொல்லி வெய்யுங்க.

பார்க்கிங்க லேசா நெனச்சராதீங்க. ஆர்.எஸ்.புரத்துல டி.பி. ரோட்டுலயே மாநகராட்சி அடுக்குமாடி கார் பார்க்கிங் இருக்குது, தெருவுல எடம் தேடி நாலு சுத்து சுத்தறதுக்கு பதிலா அங்க விட்டுட்டு நடந்துருங்க.

6. உக்கார்ற எடமும் ஆர்டர் பண்ற முறையும்

ஏசி காத்து நேரா அடிக்கற எடத்துலயும், ஃபேனுக்கு கீழயும் உக்காராதீங்க. அஞ்சு நிமிஷம் நிக்கறது அங்க மூணு நிமிஷம்கூட நிக்காது. வெளிய மரத்தடில மேசை போட்டிருக்கறாங்கன்னு ஆசப்பட்டும் உக்காராதீங்க, நம்ம பாலக்காட்டு கணவாய் காத்து ஆடி மாசம் எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். கிச்சனுக்கு பக்கத்துல இருக்கற மேசைய கேட்டு வாங்குங்க, பாக்க அழகா இருக்காது, பாத்திர சத்தம் கேக்கும், ஆனா தட்டு நாலு எட்டுல வந்துரும்.

ஒட்டுக்கா ஆர்டர் பண்ணாதீங்க. ரெண்டாவது தடவ நாலு பேருக்கு நாலு தட்டுன்னு நான் சொன்னேன், நாலும் ஒன்னா வந்துச்சு, பாப்பா ஒரு தட்டத் தொட்டுட்டு வெச்சுட்டா, அத்தை 'எனக்கு இது இனிப்பு எச்சு'ன்னுட்டாங்க, மிச்சம் ரெண்டும் எங்க முன்னாடியே உக்காந்து போச்சு. ரெண்டு பேருக்கு ஒரு தட்டு தாராளம். மொத தட்டு வந்து பாதி சாப்பிடும்போது ரெண்டாவது தட்டு வர்ற மாதிரி, பத்து நிமிஷம் இடைவெளி விட்டு போடுங்கன்னு ஆர்டர் எடுக்கற தம்பிகிட்ட சொன்னா பண்ணித் தர்றாங்க, யாரும் கோவிச்சுக்கறதில்ல.

காபிய தட்டோட சேத்து கொண்டு வரச் சொல்லுங்க. முன்னாடியே குடிச்சு முடிச்சுட்டா அப்பறம் இந்த இனிப்ப முழுங்க ஒன்னும் இருக்காது. சிரப்ப மேல ஊத்த வேண்டாம், தனி கிண்ணத்துல குடுங்கன்னு கட்டாயம் சொல்லுங்க, ஊத்திக் கொண்டு வந்தா அடித்தட்டு ஊறி சொதசொதன்னு ஆயிரும். சுகர் இருக்கற பெரியவங்க கூட இருந்தாலும் இது நல்லது. டிராமிசுன்னு, காபி சேத்த இத்தாலி இனிப்பு பேர் போட்ட வகைய கொழந்தைக்கு வாங்கறதா இருந்தா ரம் சேக்கறாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, காபி மட்டும்தான்னு சொன்னா சரி.

பார்சல் வேண்டவே வேண்டாம், டெலிவரி ஆப்லயும் வேண்டாம். டப்பாவுக்குள்ள ஆவி அடைச்சு, அரை மணி நேரம் கழிச்சு தொறந்தா ஈரத்துணியாட்ட கெடக்கும்.

7. தட்டு வந்துருச்சு, இனி அஞ்சு நிமிஷம்

தட்டு வர்றதுக்கு முன்னாடியே போன கையில எடுத்து கேமராவ தொறந்து வெச்சுக்கோங்க. வெச்ச ஒடனே ஒரு குலுக்கு, ஒரு வீடியோ, பத்து செகண்டு, முடிஞ்சுது. ரெண்டாவது தடவ எங்க வீட்டுக்காரர் ஒரு வீடியோ எடுத்தாரு, பாப்பா நான் கண்ண மூடிட்டேன் மறுக்கா எடுங்கப்பான்னா, மறுக்கா எடுத்தா பொறகால யாரோ குறுக்க வந்துட்டாங்க, இன்னொருக்கா. அதுக்குள்ள வெண்ணெய் ஒரு பக்கமா வழுக்கிட்டு எறங்குச்சு, மேல இருந்த தோலு தண்ணில ஊறுன வெரலாட்ட சுருங்குச்சு, மூணு அடுக்கும் ஒன்னு மேல ஒன்னு சாஞ்சு மெல்லமா உக்காந்துச்சு. நாலு வெரக்கட உசரம் இருந்தது ரெண்டு வெரக்கடைக்கு வந்துருச்சு. நாங்க ஃபோர்க்க எடுத்தப்ப ஆறிப்போயிருந்துச்சு, முட்ட வாடை மட்டும் தூக்கலா இருந்துச்சு. சூடு போனா இது வெறும் சக்கர போட்ட ஆம்லெட்டுங்க.

மூணாவது தடவ நான் யாருக்கும் போனே குடுக்கல. தட்டு வந்து எறங்குனதும் பாப்பா ஒரு தட்டு தட்டுனா, மூணும் ஒன்னா குலுங்குச்சு, அவ வாய பொத்திட்டு சிரிச்சா பாருங்க, அந்த சிரிப்புக்குத்தான் மூணு தடவ போயிருக்கறோம்.

கத்திய மேல இருந்து அழுத்தி வெட்டாதீங்க, காத்து பொசுக்குனு போயிரும். ஃபோர்க்க படுக்க வெச்சு ஓரமா கிள்ளி எடுங்க, நாம இட்லிய கிள்ளற மாதிரி. மொத வாய் ஒன்னும் தொட்டுக்காம சும்மா சாப்பிடுங்க, நாக்குல வெச்சதும் சர்ருன்னு ஒரு சத்தம் காதுக்குள்ள கேக்கும், நொரை உடையற சத்தம் அது. அடுத்த வாய்க்கு வெண்ணெய், அப்பறம் சிரப்பு. மேல இருக்கற அடுக்குல இருந்து கீழ வாங்க.

அத்தை பொரட்டாசிக்கு தொடமாட்டேன்னு சொன்னவங்க, இத்தன ஆட்டமும் பாத்துட்டு பேசாம இருந்தாங்க. அப்பறம் பையில இருந்து ஒரு சின்ன சம்படத்த எடுத்து மேசைக்கு அடில வெச்சு தொறந்தாங்க. பாத்தா சந்தகைக்கு தொட்டுக்க செய்வோமே, எள்ளும் நாட்டுச்சக்கரையும் இடிச்ச பொடி. 'இந்த சிரப்பெல்லாம் என்ன, இத போட்டுக் குடு புள்ளைக்கு'ன்னு கடைசி அடுக்கு மேல தூவிட்டாங்க. வெளி சாப்பாடு அனுமதி இல்லைன்னு செவுத்துல எழுதியிருக்குது, தம்பி பாத்துட்டு அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டாரு. சொல்லக்கூடாது, அந்தக் கடைசி அடுக்குதான் நல்லா இருந்துச்சு. நீங்க கொண்டு போகாதீங்க, எல்லா தம்பியும் திரும்பிக்க மாட்டாங்க.

8. வெந்துருக்குதா வேகலையா, பாத்து சாப்பிடுங்க

கூட்ட நேரத்துல அவசரமா எறக்கிருவாங்க, அப்ப நடுவுல வேகாம இருக்கும். நிறைய பேரு அதத்தான் சாஃப்ட்டுன்னு நெனச்சு சாப்பிட்டுட்டு வர்றாங்க. கிள்ளிப் பாத்தா உள்ள பஞ்சாட்ட, லேசா ஈரமா, ஓட்ட ஓட்டயா இருந்தா வெந்துருக்குது. மஞ்சளா கொழகொழன்னு மாவு ஃபோர்க்குல ஒட்டுச்சுன்னா, பச்ச முட்ட வாடை அடிச்சுதுன்னா வேகல. கூச்சப்படாம திருப்பிக் குடுங்க. அதையே மறுக்கா கல்லுல போட்டா கல்லாட்ட ஆயிரும், புதுசா போடச் சொல்லுங்க. கர்ப்பமா இருக்கறவங்க, சின்னக் கொழந்தைங்க, வயசானவங்க இதுல தாட்சண்யமே பாக்கக்கூடாது, வேகாத முட்டைல சால்மோனெல்லா கிருமி வர்ற வாய்ப்பு இருக்குது. முட்ட, பால், கோதும மூணுல எது ஒத்துக்காட்டியும் இந்தப் பக்கமே வேண்டாம்.

9. பில்லு வந்தா படிங்க

எங்க மாமனார் வீட்டுலயே இருந்துட்டாரு, வந்து விலைய சொன்னதும் கேட்ட மொத கேள்வி, 'நாமக்கல் முட்ட ஒன்னு ஆறு ஏழு ரூபா, ரெண்டு முட்டைக்கு 390 ரூபாயா?' முட்டைக்கு இல்லீங்க, ஒரு ஆளு இருவது நிமிஷம் கல்லு முன்னாடி நிக்கறதுக்குத்தான் அந்தக் காசு, சாதா பேன்கேக்கா இருந்தா அதே நேரத்துல அஞ்சாறு ஈடு எடுத்துருவாரு. நான் அப்படித்தான் சொன்னேன், அவரு ஒத்துக்கல.

மூணாவது தடவ எங்க பில்லு இது. சூஃப்ளே ரெண்டு தட்டு 780, கப்புச்சினோ ரெண்டு 360, பாப்பாவுக்கு ஹாட் சாக்லேட் 210, அத்தைக்கு வெஜ் சாண்ட்விச் 250, மொத்தம் 1,600. அதுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் 80 ரூபா, ஆக 1,680. தனி ஓட்டல்னா இந்த 5 சதவீதம்தான், இரண்டரை மத்திய அரசுக்கு, இரண்டரை மாநிலத்துக்கு. ஆனா ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500க்கு மேல இருக்கற பெரிய ஓட்டலுக்குள்ள இருக்கற கஃபேன்னா 18 சதவீதம் போடுவாங்க, அங்க போறதா இருந்தா அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

சர்வீஸ் சார்ஜுன்னு தனியா ஒரு வரி இருக்குதான்னு பாருங்க. ரெண்டாவது தடவ போன எடத்துல 1,540க்கு 10 சதவீதம்னு 154 ரூபா சேத்துருந்தாங்க, நான் அதுவும் வரின்னு நெனச்சு கட்டிட்டு வந்துட்டேன். அது வரி இல்ல, கட்டாயமும் இல்ல. 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஐகோர்ட்டும் அது சரின்னு சொல்லிருச்சு. எடுத்துருங்கன்னு தன்மையா கேட்டா எடுத்துருவாங்க, முடியாதுன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடலாம். பரிமாறுன தம்பிக்கு குடுக்கணும்னா கையில குடுங்க, அது அவருக்கு நேரா போகும்.

பில்லுல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதாவது கடையோட உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் இருக்கணும், 2022ல இருந்து அது கட்டாயம். வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா புகார் குடுக்க அந்த நம்பர்தான் வேணும், அதனால பில்ல கசக்கிப் போட்டுறாம ரெண்டு நாளைக்கு வெச்சிருங்க. கஃபேக்கு சொந்த பார்க்கிங் இருந்தா டோக்கன்ல சீல் வெச்சு வாங்கவும் பில்லத்தான் கேப்பாங்க.

10. மொத்தம் எவ்வளவு ஆச்சு, அப்பறம் என்ன

சாப்பாடு 1,680. போக வர 110 கிலோமீட்டர், எங்க வண்டி லிட்டருக்கு 17 குடுக்கும், ஆறரை லிட்டர், 660 ரூபா பக்கம். டோலும் பார்க்கிங்கும் சேத்தா நாலு பேருக்கு 2,500 கிட்ட. டோல்ல 24 மணி நேரத்துக்குள்ள திரும்புனா வர்றப்ப கம்மியாத்தான் எடுப்பாங்க, ஃபாஸ்டேக்ல தானா நடக்கும், தனியா ஒன்னும் கேக்க வேண்டியதில்ல. ரயில்ல போனீங்கன்னா பெட்ரோல் காசுல கொஞ்சம் மிச்சம்.

அப்பறம் ஒன்னு, இது வயித்த நெறைக்காதுங்க. காத்துதானே பாதி. பதினோரு மணிக்கெல்லாம் எங்க வீட்டுக்காரரு 'ஏம்மா, எங்காவது நாலு இட்லி போட்டுட்டு போலாமா'ன்னு கேட்டாரு, அத்தை அதுக்கு முன்னாடியே வண்டில ஏறி உக்காந்து மெஸ்சு எங்க இருக்குதுன்னு பாத்துட்டு இருந்தாங்க. மெஸ்ஸுகள்ல காலை டிபன் பதினொன்னுக்கெல்லாம் முடிஞ்சுரும், அதனால கஃபேல இருந்து பத்தரைக்கே எழுந்துருங்க.